கட்டறுத்த மாடு

சிங்கப்பூர் தேக்காவுக்குப் போய்ச் சேலை, மல்லிகைப்பூ என்று பை நிறைய வாங்கி வரும் நம் தாய்மார்கள், அங்குள்ள தெருப்பலகைகளை நிமிர்ந்து பார்த்ததுண்டா? கெர்பாவ் ரோடு, பப்பலோ ரோடு, லெம்பு ரோடு. மலாய் தெரிந்த நமக்கு அகராதி எதற்கு? எருமை, மீண்டும் எருமை, அப்புறம் மாடு! பிள்ளைப்பேற்றுக்குப் பேர்போன கே.கே. மருத்துவமனையின் முழுப்பெயரும் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைக் கொட்டில்தான். அந்த வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் தண்ணீரும் புல்லும் நிறைந்த சதுப்பு நிலம். அதனால் மாட்டு வியாபாரம் செழித்தது. நம்மவர்கள் பலரும் அந்தத் தொழிலைத் தேடி வந்தார்கள்.

இவை கட்டிவைத்த மாடு தந்த பெயர்கள். கட்டறுத்த மாடு தந்த பெயர்களும் உலகில் உண்டு.

ஸ்பானியர்கள் அமெரிக்கத் தீவுகளுக்குக் கொண்டுபோன மாடுகளில் சில தப்பி மலையேறின. அவற்றைச் 'சிமரோன்' என்றார்கள். பிறகு, தப்பியோடிய அடிமைகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். மாட்டையும் மனிதனையும் ஒரே கணக்கில் எழுதியவர்களுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை போலும்! ஆங்கிலத்தில் அது 'மரூன்' ஆயிற்று. ஜமைக்காவில் 'மரூன் டவுன்' என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மரூன்கள் மலையிலிருந்து போரிட்டு, 1739இல் ஆங்கிலேயரையே உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார்கள்.

நம்மவர்கள் கரும்புக்காட்டுக்குப் போன ரீயூனியன் தீவில், மஃபாத் என்ற மலைப்பகுதி தப்பியோடிய தலைவன் ஒருவனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அண்டைத் தீவான மொரீசியசில் லெ மோர்ன் என்ற குன்று அவர்களின் ஒளிவிடம். 1835இல் விடுதலைச் செய்தி சொல்லப் போலீசார் அதில் ஏறினார்களாம். பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து, மேலே இருந்தவர்கள் கீழே குதித்துவிட்டார்களாம். அங்கத்திய மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது. 2008இல் யுனெஸ்கோ அந்தக் குன்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

நம் பாட்டன்மார் அடிமைகள் அல்லர், ஒப்பந்தக் கூலிகள். ஆனாலும் 1910இல் மலாயாவுக்கு ஒப்பந்த ஆள் எடுப்பது நிறுத்தப்படும் வரை, தோட்டத்தை விட்டு ஓடுவது குற்றம், பிடிபட்டால் சிறை. காட்டுவழியே இரவில் நடந்தவர்களுக்குத் தெருப்பலகை யார் வைத்தார்கள்?

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கட்டறுத்துக்கொண்டு ஓடினவர் எங்க தாத்தா" என்று யாராவது சொன்னால், எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த ஊருக்கு என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.