கோட்டை அடிவாரத்தில் ஒரு பழைய வீடு... வாங்குங்க, ஆனா அவசரப்பட்டு இடிச்சிடாதீங்க!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், பாறைகளை அள்ளிக் கொட்டிவைத்ததுபோல மலைகள் தெரிய ஆரம்பித்தாலே செஞ்சி வந்துவிட்டது என்று அர்த்தம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் கோத்து நிற்கிறது கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட 12 மராட்டியர் காலக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குள் போனால், பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகளைப் பார்க்கலாம். திண்ணையில் ஆடு படுத்திருக்கும். சுவர் இடுக்கில் அரசங்கன்று எட்டிப்பார்க்கும். 'ரிட்டயர்டு ஆனதும் ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு ஓட்டு வீடு போதும்' என்று கனவு காணும் தம்பதிகள் நம்மில் எத்தனை பேர்! அப்படி ஒரு வீடு அமைந்ததும், 'வாங்கி இடிச்சிட்டு, புதுசா கட்டிடலாம்' என்றுதான் முதலில் தோன்றும். கோட்டை அடிவாரத்தில் அந்த எண்ணமே சேமிப்பு மொத்தத்துக்கும் வேட்டு வைத்துவிடலாம்.

100 மீட்டர் கணக்கு

செஞ்சிக்கோட்டை, மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே தனியார் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. ஏற்கெனவே முறைப்படி இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டர், ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே கட்டுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

அதாவது, 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டை நீங்கள் இடித்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் மனை. வீடாக இருக்கும்வரைதான் அதைச் சரிசெய்து குடியிருக்க வழி உண்டு. எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வே எண்ணை வைத்து, அந்த இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று தொல்லியல் துறையில் கேட்டுவிடுங்கள்.

அக்கா, தங்கை கையெழுத்து

அடுத்தது பத்திரம். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பல, பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்துகள். 'அக்கா கட்டிக்கொடுத்துப் போய் முப்பது வருஷம் ஆச்சு, அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க' என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. 2005-ல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. வாரிசுச் சான்றிதழில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தாய்ப்பத்திரம், பட்டா, 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வீடு இருப்பது கிராம நத்தமா, கோயில் நிலமா, பஞ்சமி நிலமா என்று தாலுகா அலுவலகத்தில் உறுதிசெய்யுங்கள். தோட்டமும் சேர்ந்து வருகிறதென்றால், கிணற்றில் எத்தனை பங்கு, வண்டிப்பாதை யார் நிலத்தின் வழியே போகிறது என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். இதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைகிறது. இல்லத்தரசிகள் கவனிக்க!

ஒரு மழையைப் பாருங்கள்

வீடு கைக்கு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிடத் தோன்றும். அவசரமான ஒழுகலை மட்டும் அடைத்துவிட்டு, ஒரு ஐப்பசி மழை வரை பொறுத்திருங்கள். எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தச் சுவர் ஓதம் காக்கிறது என்பதை மழையே சொல்லிவிடும்.

பழைய கட்டடத்துக்குப் பெரிய எதிரி தண்ணீர். புதுச்சேரி கடற்கரையில் இருந்த 19-ம் நூற்றாண்டு 'மேரி' கட்டடம், பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு, பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அந்தச் செலவோடு ஒப்பிட்டால், ஓடு மாற்றும் செலவு ஒன்றுமே இல்லை.

அதனால் முதலில் கூரை. அடுத்து, தண்ணீர் வடியும் வழி. பிறகு, சுவரில் முளைத்த அரசு, ஆல் செடிகளை வேரோடு அகற்றுவது. அதன் பிறகு, கரையான் அரித்த மரங்கள். கடைசியில்தான் பூச்சும் பெயின்ட்டும்.

சிமென்ட் மூட்டையைத் தள்ளிவையுங்கள்

மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பட்டை பட்டையாக உரியும். வீடு பழசு என்பதால்தான் உரிகிறது என்று நினைத்து, மறுபடியும் சிமென்ட்டையே பூசுவோம்!

பழைய வழி சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசுவார்கள். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெள்ள மெள்ளத்தான் அது இறுகும். அதுவரை சுவரை ஈரமாக வைத்திருக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதில் அனுபவமுள்ள புதுச்சேரி 'இன்டாக்' அமைப்பிடமும், மண் கட்டுமானப் பயிற்சி தரும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டிலும் விசாரிக்கலாம்.

செய்துகாட்டியவர்கள்

சிவகங்கை மாவட்டம் கோத்தமங்கலத்தில் இருக்கும் செட்டிநாட்டு மாளிகை 'சாரதா விலாஸ்'. அதைச் சீர்செய்து, விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். எங்கிருந்தோ வந்தவர்களுக்கு, நம் தாத்தாக்கள் கட்டிய முற்றம் வைத்த வீட்டின் அருமை தெரிந்திருக்கிறது.

தம்பதி கதை வேண்டுமென்றால், இங்கிலாந்துக்குப் போகலாம். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவர் ஹெரால்டு நிக்கல்சனும் 1930-ல் சிசிங்ஹர்ஸ்ட் என்ற பாழடைந்த மாளிகையைப் பண்ணையோடு வாங்கினார்கள். குப்பையை அள்ளவே ஆண்டுக்கணக்கில் ஆனது. இருந்ததை இடித்துத் தள்ளாமல், எஞ்சிய சுவர்களுக்கு நடுவே தோட்டம் போட்டார்கள். கணவர் பாதைகளைத் திட்டமிட, மனைவி செடிகளை நட்டார். இன்று உலகமே தேடிப்போய்ப் பார்க்கும் தோட்டம் அது.

செஞ்சிப் பக்கத்து ஓட்டு வீட்டுக்கு உலகம் வர வேண்டியதில்லை. கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் போதும். திண்ணையில் உட்கார்ந்து, எதிரே தெரியும் ராஜகிரியைக் காட்டி தேசிங்கு ராஜா கதை சொல்ல, அந்தத் திண்ணை அங்கே இருக்க வேண்டும். இடிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்!