வள்ளி இன்னும் பவுடர் போட்டு முடிக்கலை!

மணி பத்தேகால். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் பிரிந்தால் வருகிற ஓர் ஊர். அம்மன் கோயில் பொங்கல். ராத்திரிக்கு ‘வள்ளி திருமணம்’ நாடகம். சாக்கையும் பாயையும் விரித்து ஊரே மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பபூன் மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்வரிசை மாமா ஒருத்தரின் வழுக்கையை வம்புக்கு இழுக்கிறார். எல்லோரும் அங்கே. நான் மட்டும் படுதாவுக்குப் பின்னால்!

அதுவும் எங்கே? ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேடக்காரருக்கென்று ஓலைத் தட்டி வைத்து மறைத்த மூலைக்குள். பெண்ணாய்ப் பிறந்ததால் எனக்கு இதுவரை கிடைத்த ஆகப்பெரிய சலுகை இதுதான். என் கூட வந்த போட்டோக்காரரை விழாக் கமிட்டி அண்ணாச்சி, "நீங்க அங்கிட்டுப் போய் நில்லுங்க தம்பி" என்று ஆர்மோனியத்துப் பக்கம் தள்ளிவிட்டார்.

"வா தாயி, அந்த ட்ரங்குப் பெட்டி மேலயே உக்காரு" என்றார் வள்ளி. "பெட்டி தாங்கும். கேள்விதான் சுருக்கமா இருக்கணும்."

வள்ளிக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. இன்னும் அரை மணி நேரத்தில் பதினாறு ஆகிவிடும். அந்த ரகசியத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தேங்காயெண்ணெயில் குழைத்த முத்துவெள்ளை முதலில், அதன் மேல் ரோஸ் பவுடர், கடைசியாகக் கண்ணுக்கு மை. மை எழுதும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். தொண்டைக்குப் பனங்கற்கண்டு போட்ட பால் ஒரு பிளாஸ்கில். நான் வாங்கிப்போன கோவில்பட்டி கடலைமிட்டாயைக் கையால்கூடத் தொடவில்லை. "புவிசார் குறியீடு வாங்கினதாவே இருக்கட்டும், பாடுறதுக்கு முன்னாடி கடலை தின்னா கரகரப்புத்தான். விடியட்டும், மொத்தத்தையும் நானே திம்பேன்."

சரி, நான் துப்பறிய வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கிடையவே கிடையாது! ராஜபார்ட், அதாவது இன்றைய முருகன், மதுரைக்காரர், நாரதர் திண்டுக்கல் பக்கம், வள்ளி புதுக்கோட்டைப் பக்கம். ஆளாளுக்கு ஒரு பஸ் பிடித்து இன்றைக்குச் சாயங்காலம்தான் இந்த ஊரில் முகம் பார்த்திருக்கிறார்கள். விடிந்தால் கலைந்துவிடுவார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்த பாட்டும் கதையும். மற்றதெல்லாம் அவரவர் தலைக்குள் இருக்கிறது. ஆகவே தினைப்புனத்தில் வள்ளி இன்று என்ன கேள்வி கேட்பாள் என்று முருகனுக்கே தெரியாது.

"இன்னைக்கு என்ன கேக்கப்போறீங்க?"

கண்ணாடிக்குள்ளிருந்தே கண்ணடித்தார். "சொன்னா அங்கிட்டுப் போய்ச் சொல்லிருவே."

தட்டிக்கு அந்தப் பக்கம் ராஜபார்ட் தொண்டையைச் செருமுவது கேட்டது. பயமா, சளியா தெரியவில்லை. பயம் என்றே வைத்துக்கொண்டேன், கட்டுரைக்கு அதுதான் நல்லது.

இந்த இடத்தில் என் மனசு தாவிய தாவலுக்கு ராமேஸ்வரம், இலங்கையெல்லாம் பத்தவில்லை, நேரே ஏதென்ஸில் போய் இறங்கியது. அங்கேயும் சாமிக்குத் திருவிழா, திறந்த வெளி, ஊர்க் கூட்டம். தெய்வத்தின் பெயர்தான் டயோனிசஸ். கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய கிளைட்டம்நெஸ்ட்ரா, பத்து வருஷப் போர் முடிந்து வந்த புருஷனைச் செந்நிறத் துணி விரித்து வரவேற்று, உள்ளே கூட்டிப்போய்க் கொல்கிறாள். 431-இல் யூரிபிடீஸின் மெடியா, துரோகம் செய்த கணவனைப் பழிவாங்கத் தான் பெற்ற பிள்ளைகளையே வெட்டுகிறாள். 411-இல் அரிஸ்டோபனீஸின் லைசிஸ்ட்ராட்டா, போரை நிறுத்தாத ஆண்களுக்குப் படுக்கை கிடையாது என்று ஊர்ப் பெண்களை ஒன்றுதிரட்டுகிறாள். என்ன மாதிரிப் பொம்பளைகள்!

அங்கே போய்ப் படுதாவை விலக்கிப் பார்த்தால்? முகமூடிக்குள் தாடிக்காரர்கள். துன்பியல் நாடகத்தில் பேசும் வேடம் அத்தனையையும் மூன்றே ஆண்கள் முகமூடி மாற்றி மாற்றிச் சமாளித்தார்கள். எழுதியவர் ஆண், ஆடியவர் ஆண், பரிசு கொடுத்தவர் ஆண். மேடையில் அரசனைச் சாய்த்த பெண்ணுக்கு ஊர்ச்சபையில் ஓட்டு இல்லை. பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார்களா என்பதிலேயே இன்னமும் அறிஞர்களுக்குள் வழக்கு. இங்கே முன்வரிசையில் வெற்றிலைச் செல்லத்தோடு அமர்ந்திருக்கும் ஆச்சியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

நம் ஊர் ஒன்றும் யோக்கியமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய நாடக சபையில் ஸ்திரீபார்ட் கட்டியவர்களும் பையன்கள்தான். அதில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம் பிற்பாடு கிழவி வேடம் கட்டியே ‘ஔவை’ சண்முகம் ஆனார். இந்தப் பக்கம், கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் சினிமாவில் நந்தனாராகவே நடித்து 1 லட்சம் ரூபாய் வாங்கினார். அதற்கும் முன்னால் கும்பகோணம் பாலாமணி, ஆண்வேடத்துக்கும் பெண்களையே போட்டு ஒரு முழுக் கம்பெனி நடத்தினார். யூரிபிடீஸ் பார்த்திருந்தால் முகமூடி கழன்று விழுந்திருக்கும்.

மெடியாவைப் பற்றி வள்ளியிடம் சொன்னேன். மை எழுதிய குச்சி அந்தரத்தில் நின்றது.

"நம்ம நல்லதங்கா மாதிரியா?"

அதேதான்! இங்கிருந்து வடமேற்கே, வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்தவளை அண்ணி மூளி அலங்காரி பட்டினி போட்டாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்துவிட்டுத் தானும் குதித்தாள். மழை பொய்த்த சீமைக்கு அந்தக் கதை வெறும் கதை இல்லை.

"அந்தச் சீமைக்காரி புள்ளைகளக் கொன்னுட்டு என்ன ஆனா?"

"சூரியன் கொடுத்த தேர்ல ஏறிப் பறந்துட்டா. மேடையில நிஜமாவே ஓர் ஏற்றம் வெச்சுத் தூக்குனாங்களாம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்மவளுக்கு ஒரு தேரு குடுக்கத் தோணலை பாரு ஒருத்தனுக்கும்."

அல்லிக்கு மட்டும் என்ன குடுத்தார்கள்? ஆண் வாடையே ஆகாது என்று மதுரையை ஆண்ட ராணி. அர்ச்சுனன் பாம்பு உருவத்தில் படுக்கைக்குள் நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிட்டுப் போகிறான். இதைக் காதல் கதை என்று சொல்லி வளர்த்தார்கள் என்னை! நான் பொரிந்து தள்ள, வள்ளி கொண்டையில் ஊசி குத்திக்கொண்டே சொன்னார்: "கட்டுறது கடைசிலதானே தாயி. அதுவரைக்கும் மைக்கு யார்கிட்ட இருக்கு?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அதற்குள் அவர் மேடையேறும் நேரம் வந்துவிட்டது. ஆல்ரவுண்டுக்காரர் படபடவென்று அடிக்க, ஆர்மோனியம் சுருதி கொடுக்க, பரணில் வள்ளி! நான் படுதாக் கிழிசல் வழியாகப் பார்க்கிறேன். முதலில் நாரதர் வந்து சிக்கினார், அவரை ஒரு மணி நேரம் வைத்துச் செய்தார். பிறகு வேடன் வேஷத்தில் ராஜபார்ட்: மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?

"கையில அம்பு இல்லை, காலில செருப்பில்லை. மானைத் தேடி வந்தீரா, மானத்தைத் தொலைக்க வந்தீரா?"

விசில் பறந்தது. ஆச்சி கைத்தட்டினார். ராஜபார்ட் புராணத்திலிருந்து ஒரு வெண்பாவை எடுத்து வீசினார், வள்ளி அதை அப்படியே திருப்பிப் பொருள் சொல்லி அவர் மடியிலேயே போட்டார். கூட்டத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு வந்தது. கமிட்டி மைக்கில் பெயர் வாசித்தார்கள்.

இந்தத் தினைப்புனம் சாதாரண இடமில்லை. பக்கத்துச் சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ் இதே முருகன் வேடத்தில் நின்றுதான் வெள்ளைக் கொக்கை விரட்டுவதாகப் பாடி வெள்ளைக்காரனைச் சீண்டினார், ஜெயிலுக்கும் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில் மேல் முருகனாக அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது. அந்த மயில் வந்து நிற்கும் கதையில், ராத்திரியின் பெரும்பகுதி மயிலுக்கு இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்: தர்க்கம் ஏறக்குறைய 3 மணி நேரம். கல்யாணம் 5 நிமிஷம்கூட இல்லை.

மாலை மாற்றி முடித்ததும் கிழக்கு வெளுத்தது. ஓலைத் தட்டிக்குள் வள்ளி எண்ணெய்த் துணியால் பதினாறு வயசைத் துடைத்து எடுத்தார். பேசின தொகையை எண்ணி, ஒரு தாள் கிழிந்திருந்ததை அண்ணாச்சியிடமே மாற்றி வாங்கி, இடுப்பில் செருகினார். அப்புறம் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். நொறுக் நொறுக்கென்று கடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஏஜெண்டு. நாளை மறுநாள் அருப்புக்கோட்டைப் பக்கமாம்.

"வள்ளி திருமணம்தானே? சரிங்க. ராஜபார்ட் யாரு?"

அந்தப் பக்கம் ஏதோ பெயர் சொன்னார்கள். வாயில் மிட்டாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவரா? வரச் சொல்லுங்க."