ஆர்தர் மார்கனைக் காப்பாற்றலாமா?

கம்ப்யூட்டர் கேம்களில் ஹீரோ இறப்பது புதிதல்ல. குண்டு பட்டால் விழுவான்; கடைசியாக சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி எழுந்து வருவான். ஆனால் தீராத நோய் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் ஹீரோவை என்ன செய்வது? 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஆடுபவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். (கதையின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.)

கதை என்ன?

ராக்ஸ்டார் நிறுவனத்தின் இந்த கேம் 2019 நவம்பரில் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் 150 ஜிபி இடம் வேண்டும். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளவும். கதை 1899-ல் அமெரிக்காவில் தொடங்குகிறது. ஆர்தர் மார்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்தைச் சேர்ந்தவன். கூட்டத்தில் ஒருவர் வட்டிக்கு விடுகிறார். வசூலிப்பது ஆர்தரின் வேலை. கடனைக் கட்ட முடியாத தாமஸ் டவுன்ஸ் என்ற ஏழையை அவன் அடிக்கிறான். அவர் இருமும்போது காசநோய் இவனுக்குத் தொற்றுகிறது. பிறகு டவுன்ஸ் இறந்துபோக, அவர் மனைவியும் மகனும் நிர்க்கதியாகிறார்கள்.

காப்பாற்ற வழி உண்டா?

கேமுக்குள் மருந்து கிடையாது. சிலர் அந்த வசூலுக்கே போகாமல் இரண்டாம் அத்தியாயத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆர்தர் பிழைப்பான், கதை நகராது. இன்னொரு வழி 'மோட்'. கேமை மாற்றுவதற்காக ஆடுபவர்களே எழுதும் சிறு புரோகிராம்கள் இவை. கதை முடிந்த பிறகும் ஆர்தராகவே ஆட உதவும் மோட்கள் உண்டு. போடுவதாக இருந்தால் முதலில் டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் உள்ள ராக்ஸ்டார் கேம்ஸ் போல்டரை வேறு இடத்தில் காப்பி செய்து வைக்கவும். அதில்தான் உங்கள் சேவ் பைல்கள் இருக்கின்றன. முன்பின் தெரியாத தளத்திலிருந்து டவுன்லோட் செய்தால் வைரஸும் கூடவே வரலாம். மோட் போட்ட கேமை ஆன்லைனில் ஆட வேண்டாம். உங்கள் அக்கவுண்ட் முடக்கப்படலாம்.

விலை யாருக்கு?

மானிட்டரில் தெரியும் பொம்மைதானே, பிழைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நிஜத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கதைக்குள் பாருங்கள். மோட் ஆர்தரை மட்டும்தான் எழுப்புகிறது, டவுன்ஸை எழுப்புவதில்லை. அடித்தவன் குணமாகிறான், அடிபட்டவர் குழியிலேயே கிடக்கிறார். சாகப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் ஆர்தர் வட்டிக்காரரைக் கூட்டத்திலிருந்து விரட்டுகிறான். டவுன்ஸின் மனைவிக்கும் மகனுக்கும் பணம் கொடுத்து அனுப்ப அவனுக்கு ஒரு வாய்ப்பும் வருகிறது. நோயை எடுத்துவிட்டால் இந்த மாற்றத்துக்குக் காரணமே இருக்காது. ஆகவே ஒரு முறையாவது அவனைச் சாகவிட்டு முடித்துவிடுங்கள்; மோட் எல்லாம் அப்புறம்.

ஒரு எச்சரிக்கை

இதைப் பார்த்து, செய்த பாவத்துக்கு வந்த தண்டனைதான் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. ஏழைகளுக்கு நன்கொடை திரட்டிய டவுன்ஸுக்கும் அதே நோய்தானே? காசநோய் காற்றில் பரவும் கிருமியால் வருவது. ராபர்ட் கோச் 1882-லேயே அதைக் கண்டறிந்து சொல்லிவிட்டார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான். 1899-ல் ஆர்தருக்கு நிஜமாகவே வழியில்லை.

வழி பிறந்த இடங்களில் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. மேற்கு மாம்பலத்துக்காரர்கள் மாம்பலம் ஸ்டேஷனில் மின்ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் சேராமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாத மருந்திலேயே குணமாகிவிடும். பாதியில் மட்டும் நிறுத்தக் கூடாது.