கண்ணால் அழைப்பு! தலையால் சம்மதம்!

நடன மண்டபம். சுவர் ஓரமாக மேஜைகள். ஒரு பக்கம் பெண்கள். எதிர்ப்பக்கம் ஆண்கள். நடுவில் பளபளக்கும் மரத்தரை.

இசை தொடங்குகிறது. ஆனால் எந்த ஆணும் எழுந்து போய், "என்னோடு ஆட வருகிறீர்களா?" என்று கேட்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்!

தென் அமெரிக்காவில், அர்ஜென்டினா நாட்டின் தலைநகரான புவெனஸ் அயர்ஸில் நடக்கும் டாங்கோ நடனக் கூட்டம் இது. இதற்கு "மிலோங்கா" என்று பெயர்.

டாங்கோ, ஆணும் பெண்ணும் அணைத்தபடி ஆடும் ஜோடி நடனம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஊரிலும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மான்டிவிடியோவிலும் ஏழை எளியவர்கள் நடுவே பிறந்தது. கௌரவமான குடும்பங்கள் முகம் சுளித்தன. 1913-ம் ஆண்டுவாக்கில் பாரிஸ் நகரத்துச் சீமான்கள் அதை ஆடத் தொடங்கினார்கள். உடனே சுளித்த முகம் மலர்ந்துவிட்டது! 2009-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

"அன்னியரை அணைத்துக்கொண்டு ஆடுவதா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். அப்படி ஆடுவதால்தான் அங்கே கட்டுப்பாடு அதிகம்.

மானம் தப்பியது!

ஆட விரும்பும் ஆண், தூரத்தில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பான். விருப்பம் இருந்தால் அவளும் பார்ப்பாள். அவன் லேசாகத் தலையை அசைப்பான். அவளும் அசைத்தால் பேச்சு முடிந்தது. இந்த வழக்கத்துக்கு "கபெசேயோ" என்று பெயர். ஸ்பானிய மொழியில் "கபேசா" என்றால் தலை.

விருப்பம் இல்லையா? அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அவ்வளவுதான்! "மாட்டேன்" என்று வாய் திறந்து சொல்லும் சங்கடம் அவளுக்கு இல்லை. நூறு பேர் நடுவே தலை குனிந்து திரும்பி நடக்கும் அவமானம் அவனுக்கும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூட விஷயம் தெரியாது. அந்த ஊர் வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சம்மதித்த பெண் உடனே எழுந்துவிடக்கூடாது. ஆண் அவள் மேஜை முன் வந்து நிற்க வேண்டும். ஏன் என்றால், அந்தத் தலையசைப்பு பின்வரிசைப் பெண்ணுக்காகவும் இருக்கலாம்!

நன்றி சொல்லாதே!

பாட்டுகள் கொத்துக் கொத்தாக வரும். ஒரு கொத்தில் மூன்று அல்லது நான்கு பாட்டு. அது முடியும்வரை அதே ஜோடி ஆடும். பிறகு வேறு விதமான இசை கொஞ்ச நேரம் ஒலிக்கும். உடனே ஜோடிகள் பிரியும். ஆண், பெண்ணை அவள் இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டும்.

நடுவில் "நன்றி" சொன்னால், "போதும், நிறுத்திக்கொள்வோம்" என்று பொருள்! விவரம் தெரியாத வெளிநாட்டுக்காரர் முதல் பாட்டு முடிந்ததும் மரியாதையாக நன்றி சொல்வார். பெண் போய்விடுவாள். அவர் திருதிரு என்று விழிப்பார்.

எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் வட்டமாகச் செல்ல வேண்டும். காலை உயரத் தூக்கி வீசுவது மேடை நாட்டியத்துக்குத்தான். கூட்டத்தில் வீசினால் பக்கத்தில் ஆடுபவருக்குக் காயம்தான்.

வியர்வையும் செருப்பும்

பழைய மண்டபங்களுக்கு ஆண்கள் கோட்டு அணிந்து வருவார்கள். கன்னம் உரசும் நெருக்கம். ஆகவே வியர்வை பெரிய குற்றம்! கைக்குட்டையும், மாற்றுச் சட்டையும் கொண்டு வருகிறவர்கள் உண்டு. வாயில் பெப்பர்மின்ட். பூண்டு தின்றுவிட்டு வருகிறவரைப் பார்த்து எந்தத் தலையும் அசையாது.

பெண்களின் நடனச் செருப்பு குதிகால் உயர்ந்தது. அதைத் தெருவில் போட்டு நடப்பதில்லை. தோல் அடிப்பாகம் தேய்ந்துவிடும். பிறகு தரையில் லாகவமாகத் திரும்ப முடியாது. பையில் கொண்டு வந்து மண்டபத்தில் மாற்றிக்கொள்கிறார்கள்.

இளைஞர்கள் கூடும் இடங்களில் இப்போது ஜீன்சும், கேன்வாஸ் ஷூவும் வந்துவிட்டன. ஆண்-பெண் தனி வரிசை இல்லை. வாய்விட்டு அழைப்பதும் உண்டு. பெண்ணோடு பெண்ணும், ஆணோடு ஆணும் ஆடும் கூட்டங்களும் நடக்கின்றன.

பழைய மண்டபங்களில் இன்றும் தலையசைப்புதான். அதற்காகவே அங்கே விளக்குகளைப் பளிச்சென்று எரிய விடுகிறார்கள். பார்வை மங்கிய பெரியவர்கள் மூக்குக்கண்ணாடியை மறந்தால், அன்று ஆட்டம் கிடையாது!