அமெரிக்கன் புட்பால் வீடு

அமெரிக்கன் புட்பால் வீடு என்பது ஐக்கிய அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அர்பானா நகரில் உள்ள இரண்டு தளங்கள் கொண்ட ஒரு வெள்ளை வீடாகும். பெயரைக் கண்டு விளையாட்டுடன் தொடர்புபடுத்த வேண்டியதில்லை. 'அமெரிக்கன் புட்பால்' என்பது ஓர் இசைக்குழு. இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளைப் போன்றதே இதுவும். கட்டடக்கலைச் சிறப்பு என்று எதுவும் இல்லை.

1999 இல் பாலிவினைல் நிறுவனம் வெளியிட்ட இக்குழுவின் முதல் இசைத்தொகுப்பின் அட்டைக்காக, கிறிஸ் ஸ்ட்ராங் இவ்வீட்டைப் படம் எடுத்தார். கீழிருந்து மேல்நோக்கி எடுக்கப்பட்ட அப்படத்தில் இருண்ட வானமும், விளக்கெரியும் மாடிச் சன்னலும் தெரியும். ஆள் எவரும் இல்லை. உள்ளே யார் விழித்திருக்கிறார் என்ற கேள்வியை அந்தச் சன்னல் எழுப்புகிறது. பாடல்களில் உள்ள பிரிவும் தனிமையும் அதனுடன் எளிதில் பொருந்திவிட்டன.

தொகுப்பு வெளிவந்த சிறிது காலத்திலேயே குழு கலைந்தது. ஆயினும் இணையம் வழியாகப் பாடல்கள் பரவி, 'எமோ' இசையின் முக்கியப் படைப்பாக இது மதிக்கப்பட்டது. இரசிகர்கள் அர்பானாவுக்கு வந்து, அதே கோணத்தில் நின்று படம் எடுத்துச் செல்லத் தொடங்கினர். குடியிருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு செய்தி. 2014 இல் குழு மீண்டும் இணைந்தது. 2016 இல் வந்த இரண்டாம் தொகுப்பின் அட்டையில் இவ்வீட்டின் உட்புறம் இடம்பெற்றது.

வீடு இடிக்கப்படலாம் என்ற அச்சம் எழுந்தபோது, 2023 இல் இசைக்குழுவினர், பாலிவினைல் நிறுவனம், கிறிஸ் ஸ்ட்ராங் உள்ளிட்டோர் சேர்ந்து அதை விலைக்கு வாங்கினர்.