மெழுகு வார்ப்பும் பொன்னணியும்: நிறை வழி ஒரு நோக்கு

குறுந்தொகையின் 155ஆம் பாடல் தலைவனது தேர்மணியைக் கூறுமிடத்து, அது மெழுகால் கரு அமைத்து உலையிலிட்டு வார்க்கப்பட்டது என்று போகிற போக்கில் குறிக்கிறது. விளக்கம் வேண்டாத அளவிற்கு அத்தொழில் அக்காலத்தார்க்குப் பழகியிருந்தது எனலாம். மெழுகால் உருவமைத்து, மேலே மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, எஞ்சிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதே இம்முறை. வடமொழி நூல்கள் இதனை மதூச்சிஷ்ட விதானம் என்னும். மணியும் திருமேனியும் இவ்வாறு வார்க்கப்பட்டன எனில், பொன்னணிகளும் அவ்வாறே செய்யப்பட்டனவா என்பது ஆராயத்தக்கது.

சுவாமிமலையில் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து கரு செய்கின்றனர். திருமேனியின் ஆரம், தோள்வளை, மேகலை ஆகியன தனியே செய்து பூட்டப்படுவன அல்ல. மெழுகிலேயே உருப்பெற்று உடலோடு ஒன்றாக வார்ப்பாகின்றன. முதற்பூச்சாகக் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை இடுவது இந்நுணுக்கங்கள் சிதையாமல் பதிவதற்கே. ஆகவே செப்புத் திருமேனியின் அணிகலன் மெழுகு வார்ப்பின் விளைவு என்பதில் ஐயமில்லை.

அத்திருமேனிக்குச் சாத்திய பொன்னணியின் நிலை வேறு. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் (12ஆம் நூற்றாண்டு), வார்ப்பிற்கு மெழுகின் நிறையைப் போல் வெள்ளி 12 மடங்கும் பொன் 16 மடங்கும் கொள்ளுமாறு விதிக்கிறது. வெள்ளியின் அடர்த்தி தேன்மெழுகினதைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு. ஆதலின் 12 என்பது சேதாரத்திற்கும் இடந்தரும் கணக்கு. தூய பொன்னுக்கோ 20 மடங்கு வேண்டும். 16 மடங்கு என்பது ஏறத்தாழ 18 காரட் அளவிலான கலப்புப் பொன்னுக்கே பொருந்தும். எவ்வாறாயினும், விரலளவு மெழுகுக்கும் பெருநிறைப் பொன் செலவாகும் என்பது தெளிவு.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் இதற்குத் துணைநிற்கின்றன. அவை செப்புத் திருமேனிகளைக் கனமாகச் செய்தவை, பொள்ளலாகச் செய்தவை எனப் பிரிக்கின்றன. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்துக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுணுகிக் கணக்கிடுகின்றன. அணிகளின் நிறையைக் கூறுமிடத்து அரக்கும் உட்பட என்று அவை குறிப்பது கவனத்திற்குரியது. திண்மையாக வார்த்த அணியின் உள்ளே அரக்கிற்கு இடமில்லை. பொற்றகட்டை வளைத்துப் பொருத்தி உட்குழிவை நிரப்பவும், கல்லைப் பதிக்கவுமே அரக்கு பயன்படும். எனவே இத்தகைய அணிகளேனும் பெரும்பாலும் தகட்டு வேலையால் ஆனவை எனக் கொள்வதே பொருத்தம். கல்வெட்டு கூறும் மொத்த நிறையை அப்படியே பொன்னின் நிறையாகக் கொண்டு சோழர் செல்வத்தை மதிப்பிடுவது பிழையாக முடியும், இப்பிழை அரிதன்று.

பொன்னணித் தொழிலில் மெழுகு வார்ப்பு இன்று பெருவழக்காகியிருப்பதற்குக் காரணம் வேறு திசையிலிருந்து வந்தது. 1907இல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் பல்லுக்குரிய பொன் வார்ப்பிற்கு இம்முறையைச் செம்மைப்படுத்தினார். நகைத் தொழில் அதனைப் பின்னர் ஏற்றது. ரப்பர் அச்சில் மெழுகைச் செலுத்தி ஒரே வடிவைப் பலவாக எடுக்க முடிந்ததும் மெல்லிய அணிகள் மலிந்தன. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் மெழுகு உருக்களை மரக்கிளைபோல் ஒரு தண்டில் ஒட்டி, மண்ணுக்கு மாற்றாக ஜிப்சக் கலவையில் பொதிகின்றனர். அதற்குமுன் மெழுகை நிறுத்து, 22 காரட் பொன்னாயின் ஏறத்தாழ 18ஆல் பெருக்கி, தண்டிற்கும் வாய்க்கும் சிறிது கூட்டி உலையில் இடுகின்றனர்.