மாவுக் கணக்கு சொன்ன பாடம்

"எல்லாக் கணக்கையும் எழுதித்தான் வைக்கிறேன். ஆனாலும் கையில் காசு நிற்கவில்லையே!" இப்படிப் புலம்பாத குடும்பத் தலைவி உண்டா? நானும் புலம்பினவள்தான்.

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தினமும் 10 கிலோ. எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்று ஒருநாள் விடாமல் நோட்டில் எழுதுவேன். அப்படியும் மாசக் கடைசியில் மளிகைக் கடையில் பாக்கி. "பேசாமல் விட்டுவிடு" என்றார் என் கணவர். எனக்கும் அரை மனசு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் லீவில் வந்திருந்தாள். நோட்டைப் புரட்டிவிட்டு, "அம்மா, இதெல்லாம் வெறும் தரவு. தகவல் இல்லை" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேடீ?"

"அரிசியும் உளுந்தும் இருந்தா இட்லி ஆயிடுமா? அரைக்கணும், புளிக்கணும், வேகணும் இல்லையா? 'மிச்சம் 3 கிலோ'ன்னு நீ எழுதினது தரவு. அதைப் பார்த்து நாளைக்கு எவ்வளவு அரைக்கணும்னு தெரிஞ்சா, அதுதான் தகவல்!"

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கிழமைவாரியாகப் பிரித்தாள். அடேயப்பா! செவ்வாய்க்கிழமை தவறாமல் 3 கிலோ மிஞ்சியிருக்கிறது. ஞாயிறன்று வாங்கிய மாவே எல்லார் வீட்டிலும் இருக்கிறதே! கிலோ 50 ரூபாய் என்றால், மாசத்துக்கு 600 ரூபாய் புளித்துப் போயிருக்கிறது.

சில நாட்களில் மட்டும் மத்தியானத்துக்குள் மாவு காலி. எந்தக் கிழமையோடும் அது ஒத்துவரவில்லை. மகள் விழித்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை, கிருத்திகை! ராத்திரி பலகாரம் சாப்பிடும் நாள் அல்லவா? கம்ப்யூட்டருக்கு அமாவாசை தெரியுமா? நாம் எழுதிக் கொடுத்தால்தானே தெரியும்! அதற்கும் ஒரு பத்தி சேர்த்தோம்.

வியாபாரத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையே அடுப்படிச் சமாசாரம்தானாம். 1951-ல் லண்டனில், டீக்கடைகள் நடத்திய 'லயன்ஸ்' கம்பெனி, 'லியோ' என்ற கம்ப்யூட்டரைத் தானே உருவாக்கி, தன் ரொட்டி, கேக் தயாரிப்புக் கணக்கைப் போட்டதாம். மகள் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

இப்போது செவ்வாயன்று 7 கிலோதான் அரைக்கிறேன். அமாவாசைக்கு 14. கடைப் பாக்கி தீர்ந்துவிட்டது, வியாபாரமும் நிற்கவில்லை.

கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், சகோதரிகளே! கூட்டுவதும் பிரிப்பதும் பேனாவாலும் முடியும். பால் கணக்கோ, மளிகைக் கணக்கோ, 'இதிலிருந்து எனக்கு என்ன தெரிய வேண்டும்?' என்ற கேள்வியை முதல் பக்கத்தில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். கேள்வி இல்லாத கணக்கு, ஊறப் போட்டு மறந்த அரிசி மாதிரிதான்!